ஆலன்டவுன் 2025: பொது அரங்கம் யாருக்குப் பொது?

சீசன் முழுக்க நன்றாக ஆடி, நாட்டின் முதல் நான்கு கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிகளில் ஒன்றாக வந்தது ஓர் அணி. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கே அது 800 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஆட்டம் எதிரணியின் மாநிலத்தில். போட்டியை நடத்தியதும் எதிரணியின் கல்லூரிதான். அந்த ஆட்டத்தில் தோற்று ஊர் திரும்பியது. 2025 மார்ச் இறுதியில் அமெரிக்காவில் நடந்தது இது. எந்த விதியும் மீறப்படவில்லை, யாரும் யாருக்கும் சலுகை காட்டவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தும் இப்படி ஆகிறதே என்பதால்தான் இதை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அணிகளின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது: தோற்றது மெய்ன், எதிரணி பென் ஸ்டேட், ஆட்டம் நடந்த ஊர் ஆலன்டவுன். தனிமனிதர் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

பின்னணி: போட்டியின் அமைப்பு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. நடத்தும் முதல் டிவிஷன் ஆண்கள் ஐஸ் ஹாக்கிப் போட்டியில் 2003 முதல் 16 அணிகள் ஆடுகின்றன. நான்கு மண்டலம், மண்டலத்துக்கு நான்கு அணி; தரவரிசைப்படி அவற்றுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று நான்கு நிலைகள். ஒரே வார இறுதியில் மூன்று ஆட்டங்கள் முடிந்து ஓர் அணி மட்டும் மேலே போகும். அப்படி வரும் நான்கு அணிகள் ஆடும் கடைசிக் கட்டத்துக்கு ஃப்ரோசன் ஃபோர் என்று பெயர். எல்லாமே நாக் அவுட். ஒரு தோல்வியோடு சீசன் முடிந்தது.

மண்டல ஆட்டங்கள் பொதுவாகக் கல்லூரி வளாகத்தில் நடப்பதில்லை. தொழில்முறை அணிகள் ஆடும் நகர அரங்குகளில் நடக்கும். எந்தக் கல்லூரிக்கும் சொந்தமில்லாத இவைதான் பொது அரங்குகள். ஆனாலும் ஒவ்வோர் அரங்குக்கும் ஒரு கல்லூரியோ லீக்கோ பொறுப்பேற்க வேண்டும். டிக்கெட் விற்பது, ஆட்களை நிறுத்துவது, நான்கு அணிகளுக்கும் உடைமாற்று அறையும் பயிற்சி நேரமும் ஒதுக்குவது, நிருபர்களைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் தலையில். உத்தேச வரவு செலவோடு கேட்பு மனு போட்டு, பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த உரிமையைப் பெறுகிறார்கள்.

அணிகளை மண்டலங்களுக்குப் பிரிக்கும் குழுவுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதல் நான்கு இடத்து அணிகளைத் தரவரிசைப்படி, முடிந்தவரை அவரவர் ஊருக்குப் பக்கத்தில் போட வேண்டும். ஒரே லீக்கைச் சேர்ந்தவர்கள் முதல் ஆட்டத்திலேயே மோதுவதைத் தவிர்க்க வேண்டும். கூட்டம் வருமா என்பதையும் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: மண்டலத்தை நடத்தும் கல்லூரி போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டால், அதை அந்த மண்டலத்தில்தான் போட்டாக வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்கு ஒரே காரணம் டிக்கெட்தான். எந்த அணி எந்த ஊருக்கு வரும் என்பது ஆட்டத்துக்கு நாலைந்து நாள் முன்புதான் தெரியும். அதற்குள் விமான டிக்கெட் எடுத்து, ஹோட்டல் பிடித்து வரக்கூடிய ரசிகர்கள் குறைவு. உள்ளூர் அணி இருந்தால்தான் இருக்கை நிறையும். இல்லையென்றால் தொலைக்காட்சியில் வெறும் நாற்காலிகள்தான் தெரியும். கேட்பு மனு போடும் கல்லூரிக்கும் அந்த உத்தரவாதம்தான் தூண்டில்.

2020 அக்டோபர்: இடம் முடிவானது

2025 மண்டலங்கள் எங்கே என்பதை என்.சி.ஏ.ஏ. 2020 அக்டோபரில் அறிவித்தது. பென்சில்வேனியாவின் ஆலன்டவுன், நார்த் டகோட்டாவின் ஃபார்கோ, நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர், ஒஹையோவின் டொலீடோ. 2025இல் பனியில் இறங்கிய வீரர்கள் பலர் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று தெரியாமலே கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து வைப்பது மாதிரியான ஏற்பாடு.

ஆலன்டவுனுக்குப் பொறுப்பேற்றது பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அந்த முடிவு நியாயமானதுதான். பென் ஸ்டேட் 2012இல்தான் முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கியது. வளாகத்திலேயே சுமார் 6,000 பேர் உட்காரும் பெகுலா அரங்கம் 2013இல் திறந்தது. பார்க்க ஆள் வருகிறது, செலவழிக்கக் கையில் பணமும் இருக்கிறது. ஆலன்டவுனின் பிபிஎல் சென்டர் 2014இல் திறந்தது. ஹாக்கிக்கு சுமார் 8,500 இருக்கை. அமெரிக்கன் ஹாக்கி லீக் அணி ஒன்று அங்கே வழக்கமாக ஆடுவதால் பனித்தளமும் ஊழியர்களும் எப்போதும் தயார். பிலடெல்பியா ஒன்றரை மணி நேரத்துக்குள். நியூயார்க்கும் எட்டிப்பிடிக்கும் தூரம். இரண்டு நகரங்களிலும் பென் ஸ்டேட்டின் பழைய மாணவர்கள் நிறையப் பேர். பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் ஊரிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

மனுவைப் பரிசீலிக்கும் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதற்கு முன் அங்கே நடந்தவை

2025க்கு முன் 2018, 2019, 2022, 2023 ஆண்டுகளிலும் ஆலன்டவுனில் மண்டல ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2018இல் பென் ஸ்டேட் தகுதி பெற்றது. விதிப்படி அங்கேயே போட்டார்கள். டென்வரிடம் 1-5 என்று தோற்றது. யாரும் எதுவும் பேசவில்லை. 2019, 2022 இரண்டு முறையும் அது தகுதி பெறவே இல்லை. ஆக, உள்ளூர் அணி இல்லாமல் வெளியூர் அணிகள் மட்டும் ஆடிய மண்டலங்கள் அவை.

2023 கொஞ்சம் வேறு மாதிரி. முதல் ஆட்டத்தில் மிச்சிகன் டெக்கை 8-0 என்று நொறுக்கிய பென் ஸ்டேட், மண்டல இறுதியில் முதல் நிலை அணியான மிச்சிகனைக் கூடுதல் நேரம் வரை இழுத்தது. மிச்சிகன் 2-1 என்று தப்பியது. அந்த ஒரு கோல் வேறு வலையில் விழுந்திருந்தால் 2025இல் கேட்ட கேள்விகள் எல்லாம் இரண்டு வருஷம் முன்பே வந்திருக்கும். விழவில்லை, விஷயம் அப்படியே அமுங்கிவிட்டது. விதியில் உள்ள ஓட்டை தெரிந்தது 2025இல்தான் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 2023லேயே கண்ணுக்கு முன்னால் இருந்தது.

2025 மார்ச் 23: பிரித்துப் போட்ட நாள்

முதல் நிலை பெற்ற நான்கு அணிகள் பாஸ்டன் காலேஜ், மிச்சிகன் ஸ்டேட், மெய்ன், வெஸ்டர்ன் மிச்சிகன். மெய்ன் இரண்டு நாள் முன்புதான் ஹாக்கி ஈஸ்ட் லீக்கின் கோப்பையை வென்றிருந்தது, 2004க்குப் பிறகு முதல் முறையாக.

மெய்னின் ஊர் ஓரோனோ, நாட்டின் வடகிழக்கு மூலை. நான்கு இடங்களில் அதற்குப் பக்கம் மான்செஸ்டர்தான், சுமார் 400 கிலோமீட்டர். ஆனால் தரவரிசையில் முதலிடம் பாஸ்டன் காலேஜுக்கு. அவர்கள் வளாகத்திலிருந்து மான்செஸ்டர் ஒரு மணி நேரப் பயணம். அந்த இடம் அவர்களுக்குப் போனது. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு டொலீடோ. மிச்சம் இருந்தது ஆலன்டவுனும் ஃபார்கோவும். ஃபார்கோ கிட்டத்தட்டக் கண்டத்தின் நடுவில் இருக்கிறது. மெய்னுக்கு ஆலன்டவுன் என்பது இயல்பான முடிவு.

பென் ஸ்டேட் அந்த சீசனின் முதல் பாதியில் படுமோசமாக ஆடியது. இரண்டாம் பாதியில் எழுந்து, கடைசி வரிசையில் தகுதி பெற்றது; மண்டலத்தில் நான்காம் நிலை. நடத்துபவர் என்பதால் அதற்கு ஆலன்டவுன் ஏற்கெனவே எழுதி வைத்தது. மண்டலத்தில் முதல் நிலையும் நான்காம் நிலையும்தான் முதல் ஆட்டத்தில் மோத வேண்டும். ஆகவே மெய்னுக்கு எதிரே பென் ஸ்டேட். இன்னொரு ஆட்டம் கனெக்டிகட்டுக்கும் குவினிபியாக்குக்கும்.

குழு இங்கே என்ன செய்திருக்கலாம்? மெய்னை ஃபார்கோவுக்கு அனுப்பலாம். நன்றாக ஆடிய அணிக்கு 2,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் என்ற பரிசு! பென் ஸ்டேட்டை நகர்த்த விதி விடாது. நாலரை ஆண்டு முன்பு அறிவித்த ஏற்பாட்டுக்கு அன்று உட்கார்ந்திருந்தவர்கள் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் மேல் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கையில் இருந்த சீட்டுகளே அவ்வளவுதான்.

அந்த ஆண்டு மற்ற மூன்று மண்டலங்களை நடத்திய நியூ ஹாம்ப்ஷயர், பவுலிங் கிரீன், நார்த் டகோட்டா மூன்றுமே தகுதி பெறவில்லை. ஃபார்கோவை நடத்துவது நார்த் டகோட்டா. ரசிகர் பலத்துக்குப் பேர்போன கல்லூரி. அதுவே அந்த ஆண்டு வெளியே. ஃபார்கோ இறுதியில் மோதியவை மிச்சிகன் மாநிலத்து வெஸ்டர்ன் மிச்சிகனும் கிழக்குக் கரையோர மாசசூசெட்ஸும். ஃபார்கோக்காரருக்கு இந்த இரண்டில் யாருக்காகக் கத்துவது? ஆக விதியின் இரண்டு முகங்களும் ஒரே வார இறுதியில் தெரிந்தன. நடத்துபவர் தகுதி பெறாத இடத்தில் அந்த விதியால் ஒரு டிக்கெட்டும் கூடுதலாக விற்காது. தகுதி பெற்ற இடத்திலோ பொது அரங்கம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

மார்ச் 28, 30: பனியில் நடந்தது

ஐஸ் ஹாக்கியில் சொந்த அரங்கு என்றால் கைதட்டல் மட்டும் கிடையாது, விதிப் புத்தகத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது விருந்தாளி அணி முதலில் தன் ஆட்களை இறக்க வேண்டும். யார் வருகிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற ஆட்களைச் சொந்த அணி இறக்கும். எதிரணியின் சிறந்த மூவருக்கு எதிரே தன் சிறந்த தடுப்பாளர்களை நிறுத்த இது பெரிய வசதி. மண்டல ஆட்டங்களில் இந்த உரிமை தரவரிசையில் மேலே இருக்கும் அணிக்கு. ஆலன்டவுனில் அன்று காகிதப்படி சொந்த அணி மெய்ன்தான்! விருந்தாளி பென் ஸ்டேட், தன் மாநிலத்தில், தான் டிக்கெட் விற்ற அரங்கில்.

ஒரு வேடிக்கை: பென் ஸ்டேட்டின் நிறம் கருநீலமும் வெள்ளையும். மெய்னும் நீலம்தான், கனெக்டிகட்டும் நீலம்தான். உடுப்பை மட்டும் வைத்து எந்தப் பக்கம் யார் ரசிகர் என்று பிரிக்க முடியாது. காதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பென் ஸ்டேட் 5-1 என்று வென்றது. கனெக்டிகட் குவினிபியாக்கை 4-1 என்று வீழ்த்தியது. கனெக்டிகட்டுக்கு அது தேசியப் போட்டியில் முதல் வருகை. ஞாயிறு கனெக்டிகட்டுடன் மண்டல இறுதி; வழக்கமான நேரம் சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரக் கோலில் பென் ஸ்டேட் 3-2 என்று வென்றது. அந்தக் கல்லூரி ஃப்ரோசன் ஃபோருக்குப் போனது அதுவே முதல் முறை. ஏப்ரலில் செயின்ட் லூயிஸில் நடந்த அரையிறுதியில் பாஸ்டன் யூனிவர்சிட்டியிடம் 1-3 என்று தோற்றது. கோப்பை வெஸ்டர்ன் மிச்சிகனுக்கு.

இதை எப்படி வாசிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். மெய்ன் அரங்கத்தால் தோற்றது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே வார இறுதியில் மிச்சிகன் ஸ்டேட், தன் வளாகத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்த டொலீடோவில், முதல் ஆட்டத்திலேயே கார்னெலிடம் 3-4 என்று தோற்றது. பக்கத்து ஊரில் ஆடிய பாஸ்டன் காலேஜும் மண்டல இறுதியில் டென்வரிடம் 1-3. நெடுந்தூரம் போன வெஸ்டர்ன் மிச்சிகன்தான் சாம்பியன். ஒற்றை ஆட்டத்தில் கோல்காவலர் ஒருவருக்குக் கை ஓடினால் தரவரிசையெல்லாம் குப்பை. மேலும், 5-1 என்பது சத்தத்தால் மட்டும் வரும் வித்தியாசம் அல்ல. அன்று பென் ஸ்டேட் நன்றாக ஆடியது.

ஆகவே ஆட்ட முடிவை வைத்து ஏற்பாட்டை எடைபோடக் கூடாது. மெய்ன் வென்றிருந்தாலும் ஏற்பாடு அதேதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏறக்குறைய ஆறு மாதம் ஆடிச் சேர்த்த தரவரிசைக்கு இந்தப் போட்டி என்ன கொடுக்கிறது? பலவீனமான எதிரணி, ஆள் மாற்றும் உரிமை, முடிந்தால் பக்கத்து ஊர். இந்த மூன்றாவதைத்தான் நடத்துபவர் விதி தட்டிப் பறித்து, ஏதும் செய்யாமலே நான்காம் நிலை அணிக்குக் கொடுக்கிறது. பக்கத்து ஊர் என்று பார்த்து மெய்னை ஆலன்டவுனில் போட்டார்கள். அந்தப் பக்கத்து ஊரே எதிராளியின் வீடு.

பழைய வழி மேலா?

அப்படியானால் வளாகத்துக்கே போய்விடலாமே என்று உடனே தோன்றும். அங்கேயும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பு சில மண்டல ஆட்டங்கள் வளாக அரங்குகளிலேயே நடந்தன, ஆனால் அந்த இடங்களும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை. 2003இல் ஆன் ஆர்பரில், மிச்சிகனின் சொந்த யோஸ்ட் அரங்கில் ஒரு மண்டலம். மூன்றாம் நிலையில் இருந்த மிச்சிகன் மெய்னை 2-1 என்றும், முதல் நிலை அணியான கொலராடோ காலேஜை 5-3 என்றும் வென்றது. மெய்னுக்கு இந்த அனுபவம் புதிதல்ல, பாவம். யோஸ்ட் மாதிரிப் பழைய, தாழ்ந்த கூரைக் கட்டடத்தில் கூட்டத்தின் இரைச்சல் தலைக்கு மேலேயே நிற்கும். அதற்கு எதிராக எழுந்த முணுமுணுப்புதான் பொது அரங்குகளுக்கு வழிவிட்டது. ஆக, நோய் வளாகம் அல்ல. யார் தகுதி பெறுவார் என்று தெரியும் முன்பே இடத்தை முடிவு செய்வதுதான். பொது அரங்குக்குப் போயும் அந்த நோய் கூடவே வந்தது.

பெண்கள் ஹாக்கியில் வேறு முறை. அங்கே 2022 முதல் 11 அணிகள். தரவரிசையில் முதல் நான்கு அணிகள் தங்கள் வளாகத்திலேயே காலிறுதி வரை ஆட்டங்களை நடத்துகின்றன. சீசனில் சம்பாதித்தவர்களுக்கு அரங்கு. அதிலும் கடைசிக் கட்டம் மட்டும் முன்கூட்டியே ஒதுக்கியதுதான். 2025இல் அது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ரிடர் அரங்கில் நடந்தது, மினசோட்டாவும் அதில் ஆடியது. அரையிறுதியில் விஸ்கான்சினிடம் தோற்றது வேறு விஷயம்.

பின் நடந்தவை

லீக்குகள் தங்கள் வழியில் நகர்ந்தன. பிக் டென் 2014 முதல் 2017 வரை செயின்ட் பாலிலும் டெட்ராய்ட்டிலும் பெரிய அரங்குகளில் லீக் கோப்பையை நடத்திப் பார்த்தது. கூட்டம் சேரவில்லை. 2018 முதல் தரவரிசையில் மேலே இருப்பவரின் வளாகத்தில் ஆட்டம். மினசோட்டாவின் நகர அரங்குகளில் கோப்பையை நடத்தி வந்த என்.சி.எச்.சி. லீக்கும் 2026 முதல் வளாகங்களுக்குப் போவதாக முடிவெடுத்தது. தேசியப் போட்டி மட்டும் இடம் மாறவில்லை. 2026க்கான ஆல்பனி, லவ்லண்ட், சூ ஃபால்ஸ், வூஸ்டர் நான்கும் 2020இல் அதே அறிவிப்பில் எழுதப்பட்டுவிட்டவை.

தேசியப் போட்டியின் முதல் ஆட்டங்களை வளாகங்களுக்கு மாற்றுவதற்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். சில கல்லூரி அரங்குகள் 2,000 சொச்சம் பேருக்கானவை. சிலவற்றில் மார்ச் கடைசி வாரம் வேறு நிகழ்ச்சிக்கு வாடகைக்குப் போயிருக்கும். தொலைக்காட்சிக் குழு நான்கு ஊருக்குப் பதில் எட்டு ஊருக்குப் போக வேண்டும். தரவரிசையில் கீழே இருக்கும் சிறிய கல்லூரிக்கு நிரம்பி வழியும் எதிரி வளாகத்தில் வெல்வது இன்னும் கடினம். பயிற்சியாளர்களிடையே ஒத்த கருத்து வராததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல. இதில் ஒவ்வொருவருக்கும் இழக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

சின்ன அரங்கு என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் உண்டு. 2024இல் செயின்ட் லூயிஸ் அருகே மேரிலண்ட் ஹைட்ஸில் நடந்த மண்டலத்தின் அரங்கமே சுமார் 2,500 இருக்கைதான். நார்த் டகோட்டா, மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், வெஸ்டர்ன் மிச்சிகன் என்று பெரிய ரசிகர் படை உள்ள நான்கு அணிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. பொது அரங்கம் என்பதாலேயே இடம் கிடைத்துவிடாது.

என்ன மாற்றலாம்

கல்லூரி பேஸ்பாலில் ஒரு வழக்கம் இருக்கிறது. 64 அணிகள், 16 இடங்கள். விரும்பும் கல்லூரிகள் முன்கூட்டியே மனு போட்டு வைக்கின்றன. சீசன் முடிந்த பிறகு, நன்றாக ஆடியவர்களில் இருந்து குழு தேர்ந்தெடுக்கிறது. ஹாக்கிக்கு இதையே எடுக்கலாம். ஜனவரி இறுதிக்குள் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு படிவம் தரட்டும்: மார்ச் கடைசி வாரம் எங்கள் அரங்கு காலி, இத்தனை இருக்கை, விருந்தாளி அணிக்கு இத்தனை டிக்கெட், கேமரா வைக்க இன்ன வசதி. அரங்கு இல்லாதவர்கள் பக்கத்து ஊர் அரங்கைக் காட்டலாம். முதல் எட்டு அணிகள் அந்த இடங்களில் முதல் ஆட்டத்தை நடத்தட்டும். வென்ற எட்டு அணிகளுக்கு அடுத்த வாரம் இரண்டு பொது அரங்குகள் போதும். எட்டு அணிகளின் ரசிகர்கள் இரண்டே ஊர்களுக்கு வருவதால் அங்கே கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது. சீசன் ஒரு வாரம் நீளும், அதை ஏற்க வேண்டியிருக்கும்.

இந்த முறையில் 2025இல் பென் ஸ்டேட் ஓரோனோ போன்ற ஓர் ஊருக்குப் பேருந்திலோ விமானத்திலோ போய் ஆடியிருக்கும். சுமார் 5,000 பேர் கொள்ளும் ஆல்ஃபண்ட் அரங்கில் மெய்னை வென்றிருக்கவும் கூடும். அது வேறு கணக்கு.

அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு மனம் வராவிட்டால் அப்புறம் ஒரு சின்ன வழி இருக்கிறது. நடத்தும் கல்லூரி மண்டலத்தில் முதல் அல்லது இரண்டாம் நிலையில் வந்தால் மட்டும் அதற்குத் தன் அரங்கு நிச்சயம். மூன்றாம், நான்காம் நிலையில் வந்தால் குழு விருப்பப்படி வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். டிக்கெட் விற்பனை கொஞ்சம் அடிபடும், மனு போடும் கல்லூரிகளின் எண்ணிக்கையும் குறையலாம். அந்த நஷ்டத்தை என்.சி.ஏ.ஏ. ஏற்குமா, நடத்தும் கல்லூரி ஏற்குமா என்பதை மட்டும் அடுத்த கேட்பு மனுச் சுற்றுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.